வளர்ந்த கழுத்துக்கு எவ்வளவு தங்கம்

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டால் முதலில் டாக்டரைத் தேட மாட்டார்கள், என்னைத்தான் தேடுவார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்திலும் வாசகசாலைப் புத்தகத்திலும்தான். ஆனால் என்னிடம் ஒரு சங்கிலி இருந்தது. கல்யாணத்தில் அப்பா போட்ட ரெட்டை வடம். தெருவிலேயே கனமான சங்கிலி அதுதான் என்று எப்படியோ முடிவாகியிருந்தது.

பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்குக் கீழே தாடையோரம் கொழுக்கட்டையை ஒளித்து வைத்த மாதிரி வீங்கும். வாயைத் திறக்க முடியாது. புளிப்பு நாக்கில் பட்டால் பிள்ளை துள்ளும். கழுத்தில் பொன் பட்டால் வீக்கம் இறங்கிவிடும் என்று ஊரே நம்பியது. அது ஏன் இறங்குகிறது என்று எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன்.

"தங்கத்தைக் கண்டா யாருக்குத்தான் மூஞ்சி தூக்கினது எறங்காது" என்றாள்.

போடாவிட்டாலும் ஒரு வாரத்தில் அந்த வீக்கம் தானாக இறங்கிவிடும். அதனால் என் சங்கிலிக்குக் கெட்ட பெயர் வந்ததே இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அது. போடி பஜாருக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்பக்கம் ஏலக்காய் கமிஷன் கடை, பின்பக்கம் நாங்கள். நாங்கள் என்றால் என் வீட்டுக்காரர், மாமனார், கொழுந்தன், நான், என் மூன்று பிள்ளைகள். மாமியார் நான் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே போய்விட்டார். அதனால் அந்த வீட்டில் எந்த விஷயத்திலும் பெண்பிள்ளை யோசனை வேண்டுமென்றால் என்னைக் கேட்பார்கள். நான் எதிர்வீட்டு அக்காவைக் கேட்பேன்.

கொழுந்தனுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்த இடம் சரியில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் பஜ்ஜி நன்றாக இருந்தது, பதில்தான் வரவில்லை. கடைசியில் கம்பத்தில் ஓர் இடம் அமைந்தது. அப்பா திராட்சைத் தோட்டக்காரர். பெண் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கும் செவ்வாய். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கொழுந்தன் காப்பியைத் தன் வேட்டியிலேயே கொட்டிக்கொண்டார். சபையில் யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஏலக்காய் எடை சரியாக இருந்ததில்லை. தராசைப் பிடித்தபடியே தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

வைகாசியில் கல்யாணம். இது தட்டிப்போனால் இன்னொரு இடம் வராது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு இன்னொரு இடம் வேண்டவும் வேண்டாம்.

பங்குனியில் மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து வீக்கத்தோடு வந்தாள். ஒன்பது வயது. இரண்டு பக்கமும் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, ஒரு வாரம் படுத்துவிட்டாள். சங்கிலியைப் போட்டேன். அவள் எழுந்ததும் அடுத்தவனுக்கு வந்தது. அவனுக்கு நாலு வயது. ஒரு பக்கம் எலுமிச்சங்காய் அளவு வீங்கி, இரண்டு நாளில் காணாமல் போனது. சங்கிலியை மாட்டிக்கொண்டே தெருவில் கோலி ஆடினான். கைக்குழந்தை இருவருக்கும் நடுவில்தான் படுத்துக் கிடந்தான், அவனுக்கு ஒன்றுமே வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் கழுத்திலும் போட்டேன். அவன் அதை வாயில் வைத்துச் சப்பினான்.

நாலு வயதுக்காரன் சித்தப்பா செல்லம். சித்தப்பா ஒரு வாய் கடித்துக் கொடுத்தால்தான் அவன் அடுத்த வாய் வாங்குவான். வீங்கியிருந்தபோது பிடிவாதம் இன்னும் கூடிப்போனது. ஒரே தட்டு, ஒரே டம்ளர். அவன் மென்று துப்பியதைச் சித்தப்பா தின்பார், சித்தப்பா கடித்ததை அவன் தின்பான். எனக்குப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நோய் எச்சிலில் பரவும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தங்கத்துக்கு ஏங்கி வருகிற நோய் எச்சிலில் எப்படிப் பரவும்?

பிள்ளைகள் இரண்டும் தேறி எழுந்து ஓட ஆரம்பித்த பிறகு, ஒருநாள் காலை கொழுந்தன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"மதினி, தாடை ரெண்டும் இழுத்துப் பிடிக்கிது."

"ராத்திரி எதையும் கடிச்சீகளா தம்பி?"

"கடிக்கல. கண்ணாடியில பாத்தேன். யாரோ நிக்கிறாக."

திரும்பிப் பார்த்தேன். யாரோதான் நின்றார். காதுமடல் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு, கழுத்தே இல்லாமல் முகம் நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது.

என் ரெட்டை வடத்தைப் போட்டோம். நாமக்கட்டியும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டோம். மறுநாள் வீக்கம் கூடியது. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தாள்.

"அந்தப் பொடிப்பயலுக்கும் இந்தச் சங்கிலிதான். இவருக்கும் இந்தச் சங்கிலிதானா? இவரு என்ன நாலு வயசுப் பிள்ளையா?"

மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வியாபாரி. அளவைப் பற்றி யாராவது பேசினால் உடனே காது கொடுப்பார்.

"அதும் சரிதான். மருந்துன்னா ஆளு எடைக்குத் தக்கனதான் குடுக்கணும்" என்றார். "வளந்த கழுத்துக்கு எவ்வளவு போடணும்?"

அதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. வீட்டில் இருக்கிறதையெல்லாம் போடலாம் என்று முடிவானது. இருக்கிறது என்றால், பீரோவில் கல்யாணப் பெண்ணுக்குப் போடவென்று எடுத்து வைத்த ஆரமும் சிவப்புக் கல் அட்டிகையும்தான். நான் கொஞ்சம் தயங்கினேன். அக்காதான் தைரியம் சொன்னாள். ஆரம் தொங்கும், அது நெஞ்சுக்குத்தான் பிரயோஜனம். அட்டிகை கழுத்தை ஒட்டி நிற்கும், வீக்கத்தில் நேராகப் படும். கேட்க நியாயமாகவே இருந்தது. அட்டிகையின் பட்டுக்கயிற்றை அவர் கழுத்துக்குத் தோதாக நீட்டிக் கட்டினோம்.

தாடை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் பத்து, அதன் கீழே சிவப்புக் கல் அட்டிகை, அதன் கீழே ரெட்டை வடம், அதன் கீழே ஆரம். கட்டிலில் சாய்ந்து கிடந்தார். ஊர்வலத்துக்குச் சோடித்து வைத்துவிட்டு எல்லாரும் எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. மூத்தவள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சித்தப்பாவுக்குத்தான் கல்யாணமா, நகையெல்லாம் அவுகளுக்கா?" என்று கேட்டாள். கல்யாணம் அவருக்குத்தான் என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. அவர் என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வெளியே வந்து, கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு, நேராக டாக்டர் வீட்டுக்குப் போனார். வலி கீழே இறங்கிவிட்டது. எங்கே என்று நான் கேட்கவில்லை. எந்த ஆண்பிள்ளையும் கேட்காமலே புரிந்துகொள்ளும் இடம் அது. ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்ததாம்.

டாக்டர் வந்தார். கட்டிலைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் வைக்க இடம் இல்லாததால் ஆரத்தை மட்டும் ஓரமாக நகர்த்தினார். பார்த்து முடித்துவிட்டு மறுபடி நேராக வைத்தார். படுக்கையை விட்டு எழக் கூடாது, கோவணம் இறுக்கிக் கட்டணும், காய்ச்சலுக்கு மாத்திரை, கஞ்சி. அவ்வளவுதான் என்றார்.

"இதுக்கு ஊசி இல்லையா?" என்றார் மாமா.

"இந்தக் கிருமிக்கு மருந்து இல்லீங்க. அதுவா வந்து அதுவாத்தான் போகும்."

"கைப்பிள்ளைக்கு வரவே இல்ல. சின்னப்பயலுக்கு ரெண்டு நாள். பொண்ணுக்கு ஒரு வாரம். எருமை மாதிரி வளந்தவனை ஏன் இப்படிப் போட்டுப் பாக்குது? வீட்டுல வந்தது ஒரே நோய்தான?"

டாக்டர் கைகழுவிக்கொண்டே சொன்னார். மலையில் ஏலத் தோட்டம் இருக்கிற வீடு என்று தெரிந்து அதற்குத் தக்கபடிதான் சொன்னார். ரத்தத்தில் வெள்ளை அணு என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்குச் சொந்தக் காவல் இன்னும் தயாராகவில்லை. அம்மா வயிற்றிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த காவல் கொஞ்ச மாதத்துக்கு நிற்கும். உங்கள் மருமகளுக்குச் சின்ன வயதில் இது வந்திருக்கும், அதனால் குழந்தை தப்பித்தது. நாலு வயதில் காவல்காரன் புதுசு. திருடன் வந்தால் நாலு சத்தம் போட்டுத் துரத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். ஆனால் முகத்தை மறக்க மாட்டான், அடுத்த தடவை வாசலிலேயே பிடித்துவிடுவான். வளர்ந்த ஆளிடம் இருப்பவன் முரடன். இந்தத் திருடனை அவன் பார்த்ததே இல்லை. முதல்தடவையாகப் பார்த்ததும் கண்ணுமண்ணு தெரியாமல் அடிப்பான். திருடனைப் பிடிக்கத் தோட்டத்து ஷெட்டையே கொளுத்துவான். வீக்கமும் காய்ச்சலும் பாதிக்கு மேல் அவன் வேலைதான்.

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்ப திருடனை விட வாட்ச்மேன்தான் செலவு" என்றார்.

பிற்பாடு நான் வாசகசாலையில் தேடித் தேடி இதைப் பற்றிப் படித்தேன். டாக்டர் சொன்னது சுருக்கம்தான், ஆனால் தப்பில்லை. பிறந்த பிள்ளையின் ரத்தம் வேறு, நடக்கிற பிள்ளையின் ரத்தம் வேறு, மீசை வைத்தவன் ரத்தம் வேறு. வந்த கிருமி ஒன்றேதான். எந்த வயதில் கதவைத் தட்டுகிறதோ, அதற்குத் தக்கன உள்ளே வரவேற்பு.

சின்ன வயதிலேயே இவருக்கு ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி. அதற்கு டாக்டரே மாமாவைத் திருப்பிக் கேட்டார், பையன் எங்கே வளர்ந்தான் என்று. மாமியார் போன பிறகு மாமா கடைசிப் பிள்ளையைத் தன்னோடு மலைக்குக் கொண்டுபோய்விட்டார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத் தோட்டத்து ஷெட்டில்தான் பத்து வயது வரை வளர்ந்தார். கூட விளையாட ஒரு பிள்ளை கிடையாது. மலையாளத்து வேலையாட்கள்தான். அவர்கள் இந்த நோயை முண்டிநீர் என்பார்கள், அவர்களுக்கெல்லாம் அது வந்து போய் எத்தனையோ வருசமாகியிருந்தது.

"கெட்ட சகவாசம் இல்லாம வளத்தேன்" என்றார் மாமா.

"அதான் சிக்கல்" என்றார் டாக்டர்.

போகும்போது வாசலில் என் வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிள்ளை பிறப்பதில் ஏதும் பழுது வருமா? டாக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். ஒரு பக்கம்தான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. இதைக் கொழுந்தனிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா சொன்னார். கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பெண்ணின் தாய்மாமன் வந்து சேர்ந்தார். கம்பத்தில் பலசரக்குக் கடைக்காரர், ஏலக்காய் எடுக்கப் போடி வந்தவர், அப்படியே சம்பந்தி வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை எங்க, கடையில காணமே?"

"பல்லுவலி. படுத்திருக்கான்" என்றார் மாமா.

"எந்தப் பல்லு?"

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர், "எல்லாப் பல்லும்" என்றார்.

எல்லாப் பல்லும் வலிக்கிற மாப்பிள்ளையைப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை என்று அவர் எழுந்து உள்ளே போனார். நாங்கள் தடுக்க நினைப்பதற்குள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் காப்பியோடு கதவருகே நின்றேன். அவர் முதலில் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கழுத்தை. அங்கேயே நின்றுவிட்டது பார்வை.

"இந்த அட்டிகை நம்ம பிள்ளைக்கு எடுத்தது மாதிரி இருக்கே."

"அதேதான்" என்றார் மாமா. "அளவு பாத்தோம்."

"மாப்பிள்ளை கழுத்துலயா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க ஊருல பல்லுவலிக்குக் கிராம்பு வைப்பாக. இங்கன தங்கம் போடுறாகளா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கழுத்து வீங்கிய ஆளுக்கு நகை போட்டால் அது என்ன நோய் என்று கம்பத்துக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பல்வலி என்று சொல்லலாம் என்பது வரைக்கும் வீடே கூடி யோசித்திருந்தது. நகையைக் கழற்றலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கழற்றினால் வீக்கம் கூடிவிடுமே.

தாய்மாமன் ஸ்டூலை ஒட்டி இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கீழ எறங்கிருச்சா?"

மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மூன்று நாளாக வாய் திறக்காத கொழுந்தன் பல்லைத் திறக்காமலே பேசினார்.

"எறங்கிருச்சு மாமா. ஒரு பக்கம்."

"டாக்டர் என்ன சொன்னாக?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னாரு. உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு. ரெண்டையும் சொல்லிருங்க."

"ரெண்டையுமா?"

"முதல்ல சொன்னதை மட்டும் சொல்லிராதீக. ரெண்டையும்."

அவர் காப்பியை வாங்கி, ஆற்றி, முழுக்கக் குடித்தார். டம்ளரை என் கையில் கொடுத்து, "காப்பி நல்லா இருந்துச்சு ஆத்தா" என்றார். ஏலக்காய் மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாமா கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, ஒரு பல்லுவலியக் காப்பாத்த முடியலயே உன்னால."

"அட்டிகையக் கழட்டிட்டுச் சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்பா."

அதன் பிறகு கம்பத்திலிருந்து எந்தச் சேதியும் இல்லை. வீக்கம் வடிந்தது, முகம் பழைய முகமானது, கழுத்து திரும்பி வந்தது. மாமா வீரபாண்டி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் கம்பம் பஸ் வருகிற நேரமெல்லாம் கடை வாசலில் நின்றார். தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி என்னிடம், "கல்யாணம் தள்ளிப் போகுதாமே?" என்று கேட்டாள். "யாரு சொன்னாக?" என்றேன். "யாரும் சொல்லல, நீங்கதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீக" என்றாள்.

கொழுந்தன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நகைகளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். கல் இடுக்கிலெல்லாம் மஞ்சள் பத்து காய்ந்து ஏறியிருந்தது. பல் விளக்குகிற பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தார். நான் செய்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

"யாருக்குப் போனாலும் மஞ்ச வாசம் இல்லாமப் போகட்டும் மதினி" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தேய்த்ததைத் துணியால் துடைத்து வைத்தேன்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் பெண்ணின் அப்பாவே வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. திராட்சைக் கொடியோடு பேசிப் பழகியவர் என்று அவர் மகளே பிற்பாடு சொல்லுவாள். தண்ணீர் குடித்தார். மழை இல்லை என்றார். மாமாவும் மழை இல்லை என்றார். அப்புறம் கொழுந்தனைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து நின்றார்.

"என் மச்சினன் வந்து ரெண்டையும் சொன்னாரு."

"ஆமாங்க மாமா."

"தள்ளிப் போடுவோம்னுதான் நான் சொன்னேன். எம்மக ஒரு கேள்வி கேட்டா. கல்யாணத்துக்குப் பெறகு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக, என்னையத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பீகளான்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. நாலு நாளா யோசிச்சுப் பாத்தேன். உங்களுக்குத் தெரியுமா?"

கொழுந்தன் உண்மையாகவே யோசித்தார்.

"எனக்கும் தெரியல மாமா."

"அப்ப சரி" என்றார் அவர். "வைகாசியிலயே வச்சுக்குவோம். தெரியாததுக்காக மண்டபத்தை எதுக்கு மாத்தணும்?"

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் புளி விட்டிருக்கலாம் என்றார். வீட்டில் இவ்வளவு நாளாகப் புளி சேர்க்காத சமையல் என்பதை நான் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை கேட்டேன். பயமாக இல்லையா உனக்கு, எப்படிச் சரி என்றாய் என்று.

"எங்க பள்ளிக்கூடத்துல வருசாவருசம் பாக்குறேன்க்கா. சின்னதுக ரெண்டு நாள்ல சிலேட்டைத் தூக்கிட்டு வந்துரும். பெரிய வகுப்புப் பயலுக பத்து நாள் ஆக்கும். அதனால எனக்கு வீக்கம் புதுசில்ல."

"அதில்லடி. மத்தது."

அடுத்த கொத்துக் கீரையை எடுத்தாள்.

"இதுக்கு முன்னாடி மூணு பேரு வந்து பாத்தாக. எல்லாரும் குறையே இல்லாத மாப்பிள்ளைக. என்ன குறைன்னு கல்யாணத்துக்குப் பெறகுதான் கண்டுபிடிக்கணும். இவுகளுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு. தேடுற வேலை மிச்சம்."

அப்படிச் சொன்னாளே தவிர, அந்த வேலை மிச்சமாகவில்லை. முதல் வருசம் போனது. இரண்டாம் வருசமும் போனது. விசேஷத்துக்குப் போகிற இடத்திலெல்லாம் பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு வீட்டுப் பால்காய்ப்பில் ஒருத்தி நேராகவே கேட்டாள், அந்தப் பழைய சங்கதிதான் காரணமா என்று. இவள் டீச்சர் குரலில், பந்திக்கே கேட்கிற மாதிரி, "ஒண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொன்னாக. ஒண்ணு போதுமாம்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் சனத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. என்னிடம் கேட்டார்கள். நான் கீரைக்கட்டு விலையைச் சொல்லி நழுவிவிடுவேன்.

மதுரைக்குப் போய்ப் பரிசோதனை செய்யலாம் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னாராம். கொழுந்தன் வேண்டாம் என்றார். அவள் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். அவர் என் பிள்ளைகளைத் தூக்குவதை விட்டுவிட்டார். கைக்குழந்தையாக இருந்த கடைசிப்பயலுக்கு அப்போது இரண்டரை வயது, அவர் காலைக் கட்டிக்கொண்டு நிற்பான். தலையைத் தடவிவிட்டு, "அங்கன அம்மாகிட்டப் போ" என்பார். ஒரே தட்டில் சாப்பிடுவதும் நின்றுபோனது. நாலு வயதுக்காரனுக்கு ஆறு வயதாகிவிட்டது, அவன் தனியாகவே சாப்பிடப் பழகிக்கொண்டான். காரணம் கேட்க என்னால் முடியவில்லை. எச்சிலுக்குப் பயப்படுகிறார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அது எச்சில் பயம் இல்லை.

மூன்றாம் வருசம் ஆடியில் அவள் வாந்தி எடுத்தாள். வீட்டில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பித்தம் என்றார் மாமா. பித்தமாகத்தான் இருக்கும் என்றேன் நான். ஐந்தாம் மாதம் வரைக்கும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பித்தம்தான். வளைகாப்புக்குக் கம்பத்திலிருந்து ஆட்கள் வண்டி கட்டி வந்து இறங்கிய பிறகுதான் மாமா அதைப் பிள்ளை என்று சொன்னார்.

பிரசவம் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில். மத்தியான நேரம். நான் உள்ளே அவளோடு இருந்தேன், கொழுந்தன் வராந்தாவில். நர்சு வெளியே போய்ப் பெண் குழந்தை என்று சொல்லிவிட்டு வந்தாள். "அந்த ஆளு ஒண்ணுமே சொல்லலயே, பொண்ணுன்னு வருத்தமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, வந்து பாருங்க."

எழுந்து வந்தார். வாசலில் நின்றார். நான் குழந்தையைத் துணியோடு எடுத்து நீட்டினேன். பின்னால் ஓர் அடி நகர்ந்தார்.

"எனக்குத் தூக்கத் தெரியாது மதினி."

என் மூன்று பிள்ளைகளும் அந்தத் தோளில் தூங்கி வளர்ந்ததுகள். மூத்தவளுக்குத் தலை நிற்காத காலத்தில் எனக்கே அவர்தான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். குழந்தையை நீட்டியபடியே நின்றேன்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவள்தான் பேசினாள்.

"தெரியலன்னா பழகிக்கங்க. நான் தூங்கணும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கையை நீட்டினார்.